உதிரிப்பாகம் கிடைக்காது

அமெரிக்காவில் ஏடிவி வாங்குகிறவருக்கு வண்டியோடு ஒரு தடித்த கையேடும் தருவார்கள். ஏடிவி என்பது காட்டிலும் மேட்டிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. நாலு குண்டு டயர், ஒரு ஹேண்டில்பார், கால் பரப்பி உட்கார ஒரு நீள சீட். கூரையும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. அந்தக் கையேட்டில் வண்டியின் உடல்நலம் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் பெற்ற தாய் தோற்றாள். ஆயில் எப்போது மாற்ற வேண்டும், ஏர் ஃபில்டரை எப்படிக் கழுவ வேண்டும், செயின் எத்தனை மில்லிமீட்டர் வரை தொய்யலாம், டயரில் காற்று எவ்வளவு என்று பக்கம் பக்கமாக அட்டவணை. சேற்றிலும் தண்ணீரிலும் ஓட்டினால் இன்னும் அடிக்கடி கவனியுங்கள் என்று தனியாக ஒரு கரிசனம் வேறு.

ஓட்டுகிறவன் உடம்புக்கு அட்டவணை இல்லை. முக்கோணத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி போட்டு, 'தவறாக ஓட்டினால் மரணமோ படுகாயமோ ஏற்படலாம்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். மரணத்துக்கு மறுநாள் பராமரிப்பு வேலை ஒன்றும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். படுகாயத்துக்கு மறுநாள்? அதற்கடுத்த நாற்பது வருஷம்? அந்தப் பக்கங்கள் அச்சகத்திலேயே தங்கிவிட்டன போலிருக்கிறது. கம்பெனிக் கனவான்களுக்கு ஆயிரம் வேலை. அவர்களுக்குச் சிரமம் வேண்டாம், நானே எழுதித் தருகிறேன். ராயல்டி கேட்கமாட்டேன்.

மாடல்: பத்து வயதுப் பையன். வண்டி: பெரியவர்களுக்கானது, எடை முந்நூறு கிலோ. சம்பவம்: மேடேறும்போது முன்சக்கரம் தூக்கி, வண்டி பின்பக்கமாகப் புரண்டு, அவன் முதுகின் மேல் வந்து இறங்கியது. உத்தரவாதக் காலம்: இல்லை.

கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு முறை, சக்கர நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். மறந்தால் உட்காரும் இடத்தில் புண் வரும். வருவது அவனுக்குத் தெரியாது, ஏனென்றால் அங்கே உணர்ச்சி இல்லை. தெரியவரும்போது எலும்பு வரை போயிருக்கும். நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை குழாய் விட்டு மூத்திரம் எடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலும் எடுக்க வேண்டும், கல்யாண வீட்டிலும் எடுக்க வேண்டும், நடுராத்திரி எழுந்தும் எடுக்க வேண்டும். சரியாக எடுக்காவிட்டால் சிறுநீரகம் கெடும். தண்டுவட அடி நெஞ்சுக்கூட்டின் நடுவுக்கு மேலே பட்டிருந்தால் இன்னொரு விசேஷம் உண்டு: குழாய் மடங்கி மூத்திரப்பை நிறைந்தாலே போதும், ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி மூளையில் ரத்தம் கசியலாம். மடங்கிய ரப்பர் குழாய் ஆளைக் கொல்லும். வண்டியின் பெட்ரோல் குழாய் மடங்கினால் என்ன செய்வது என்பதற்குக் கையேட்டில் படம் போட்டு விளக்கம் இருக்கிறது.

வளர்கிற பிள்ளை அல்லவா, சர்வீஸும் கூடவே வளரும். உடம்பு நெடுநெடுவென வளரும் வயதுக்கு முன்னால் தண்டுவடத்தில் அடிபட்ட குழந்தைகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் பிற்பாடு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது. தாங்கிப் பிடிக்க வேண்டிய தசைக்கு உத்தரவு போவதில்லை. வளைவு முற்றினால் கம்பி வைத்து அறுவை சிகிச்சை. பயன்படாத கால் எலும்பு சன்னமாகும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது முறியும், வலிக்காது, வீங்கிய பிறகுதான் வீட்டில் பார்ப்பார்கள். இருபது வருஷம் கழித்துத் தோள்பட்டை போகும். தோள் நடப்பதற்காக ஏற்பட்டதில்லையே! அவனுக்கோ அதுதான் கால். இந்தப் பாகங்கள் எதற்கும் டீலரிடம் ஸ்டாக் இல்லை.

முதுகு தப்பித்து மண்டையில் அடிபட்ட மாடலுக்கு அட்டவணை வேறு. வெளியே பார்த்தால் பிள்ளை முழுசாக இருக்கும். ஆஸ்பத்திரியில் கைதட்டி வழியனுப்புவார்கள், உள்ளூர்ப் பத்திரிகையில் 'அதிசயச் சிறுவன்' என்று படம் வரும். வாசனை தெரியவில்லை என்று கொஞ்ச நாள் கழித்துச் சொல்வான். மூளை குலுங்கியபோது மூக்கின் மேலே உள்ள மெல்லிய நரம்பிழைகள் அறுந்திருக்கும். கேஸ் கசிந்தாலும் பால் திரிந்தாலும் இனி அவனுக்கு ஒன்றுதான். எட்டு வயதில் நெற்றிப்பகுதி மூளையில் பட்ட அடி பதினாலு வயதில்தான் முழு வேலையைக் காட்டும். திட்டமிடுவது, பொறுப்பது, கோபத்தை விழுங்குவது எல்லாம் அந்த வயதில் தேவைப்படும்போதுதான் அந்த இடம் காலி என்று தெரியவரும். அதற்குள் விபத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள். ஆசிரியர் சோம்பேறி என்பார், அப்பா திமிர் என்பார், போலீஸ் வேறு பெயர் வைக்கும். சிலருக்கு வருஷக்கணக்கில் கழித்து வலிப்பு வரும், வந்ததும் டிரைவிங் லைசென்ஸ் போகும். ஏடிவியை மட்டும் ஓட்டலாம், வீட்டு நிலத்தில் ஓட்ட அதற்கு லைசென்ஸ் வேண்டாம்.

ஹேண்டில்பார் வயிற்றில் குத்தி மண்ணீரலை எடுத்தவர்களுக்கு ஆயுசுக்கும் தடுப்பூசி, காய்ச்சல் வந்தாலே பீதி. முழங்காலின் வளர்தட்டு நசுங்கிய குழந்தைக்கு ஒரு கால் வளரும், மற்றது நின்றுவிடும். இதெல்லாம் சில்லறை ஐட்டங்கள். பட்டியல் போட்டுக்கொண்டே போனால் கையேடு வண்டியை விடக் கனமாகிவிடும்.

செலவு விவரம்: வண்டி ஐயாயிரம் டாலரிலிருந்து பத்தாயிரத்துச் சொச்சம் வரை. இரு காலும் செயலிழந்த ஒருவருக்கு அமெரிக்காவில் முதல் வருஷ மருத்துவச் செலவு மட்டும் 5 லட்சம் டாலருக்கு மேல், பிறகு வருஷா வருஷம் பல்லாயிரம். இதில் வேலையை விட்ட அம்மாவின் சம்பளம் சேராது. எந்தக் கணக்கிலும் சேராது. வண்டியின் கதையோ சுபமாக முடிகிறது. ஹேண்டில்பாரும் ஃபெண்டரும் மாற்றி, 'லேசான கீறல், நல்ல கண்டிஷன்' என்று விளம்பரம் கொடுத்தால் ஒரு வாரத்தில் போய்விடும்.

இனி வம்ச வரலாறு. 1970இல் ஹோண்டா அமெரிக்காவில் யுஎஸ்90 என்ற மூன்று சக்கர வண்டியை இறக்கியது. பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பதில்லை, அந்த மாதங்களில் விற்க ஏதாவது கொடுங்கள் என்று டீலர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்தது இந்த வாகனம். மறுவருஷமே ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஷான் கானரி அதில் ஏறிவிட்டார், பிறகென்ன. மூன்று சக்கரம், உயரத்தில் கனம், குறுகலான அகலம். திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் லேசாகி வழுக்கினால்தான் வண்டி திரும்பும். பயந்துபோய்க் காலைத் தரையில் ஊன்றினாலோ பின்சக்கரம் அந்தக் காலின் மேலேயே ஏறும். பயந்தால் காலை ஊன்றுவது மனித சுபாவம். ஆகவே பிழை மனித சுபாவத்தில்தான் என்று கம்பெனி கண்டுபிடித்தது.

இந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் தராதது அநியாயம். அன்றிலிருந்து இன்றுவரை அந்தத் தொழில் முழுக்க இந்த ஒற்றைக் காலில்தான் நிற்கிறது. வண்டி கவிழ்ந்ததா? ஓட்டியவன் தப்பு. பின்னால் ஒருவன் உட்கார்ந்திருந்தானா? 'பயணியை ஏற்றாதீர்கள்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோமே! இருவர் தாராளமாக உட்காருகிற நீளத்துக்கு சீட்டை வைத்தது யார் என்று கேட்டால், ஓட்டுகிறவர் முன்னும் பின்னும் நகர்ந்து உடம்பைச் சாய்த்து வண்டியைச் சமன் செய்வதற்காக என்பார்கள். அறுபது கிலோ ஆள் முந்நூறு கிலோ இரும்பைச் சமன் செய்ய வேண்டும். தார்ச்சாலையில் போனானா? 'சாலையில் ஓட்டாதீர்கள்' என்றும் ஸ்டிக்கர் உண்டு. சாவுகளில் பாதிக்கு மேல் சாலையில்தான் நடக்கின்றன, குண்டு டயர் தார்ச்சாலையில் எதிர்பாராமல் பிடித்துக்கொண்டு ஆளைத் தூக்கி எறிகிறது. ஆனாலும் மாநிலத்துக்கு மாநிலம், கவுன்டிக்கு கவுன்டி, வண்டிகளைச் சாலையில் விடச் சட்டம் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சுற்றுலா வளர்கிறதாம். ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் இதை எதிர்த்துத் தெருவில் இறங்கியதாகத் தெரியவில்லை.

எண்பதுகளின் நடுவில் சடலங்கள் அதிகமாகி அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் கண்விழித்தது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைக்க வேண்டும் என்றுகூட முதலில் நினைத்தார்கள், பாவம். 1988 ஏப்ரலில் ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி, பொலாரிஸ் ஐந்து கம்பெனிகளுக்கும் அரசுக்கும் நீதிமன்றத்தில் சமரசம் ஆயிற்று. புது மூன்று சக்கர வண்டி விற்கமாட்டோம், பயிற்சி தருவோம், பெரிய என்ஜின் வண்டியைப் பதினாறு வயதுக்குக் கீழே சிபாரிசு செய்யமாட்டோம் என்று பத்து வருஷத்துக்கு வாக்கு. ஏற்கனவே வீடு வீடாக நிற்கிற லட்சக்கணக்கான மூன்று சக்கர வண்டிகள்? அவை நிற்கட்டும். பணம் திருப்பித் தருவது என்ற வாசகம் எங்கேயோ ஒரு மதிய விருந்தில் தொலைந்துபோனது. விற்கக் கூடாத அளவுக்கு ஆபத்தான வண்டி, விற்றுவிட்டதால் ஆபத்தில்லை என்றாகிவிட்டது. தர்க்க சாஸ்திரம் படித்தவர்கள் கவனிக்கவும்.

பத்து வருஷம் 1998இல் முடிந்தது. 1997க்கும் 2001க்கும் இடையில், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த ஏடிவி காயங்கள் இரட்டிப்பாயின. 2007இல் அது 1,50,000 வரை போயிற்று. பிறகு இறங்கி ஆண்டுக்குச் சுமார் 1,00,000 என்ற ஒழுக்கமான அளவில் நின்றது. எல்லா வகைக் காட்டுவழி வண்டிகளிலும் சேர்த்து ஆண்டுக்கு 700 பேருக்கு மேல் சாகிறார்கள்.

ஒழுக்கமான அளவு என்கிறேன், ஏனென்றால் இந்த எண்களைப் பார்த்து யாருக்கும் வேர்க்கவில்லை. எண்கள் வருகிற விதமும் அப்படி. நாடு முழுக்கத் தேர்ந்தெடுத்த சுமார் நூறு ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவிலிருந்து தகவல் எடுத்து, அதைப் பெருக்கி தேசியக் கணக்கு போடுகிறார்கள். யார் வந்தார், எந்தப் பாகத்தில் அடி, சேர்த்தார்களா, அனுப்பினார்களா, அதோடு சரி. அந்தக் கதவுக்கு அப்பால் மனிதன் மறைந்துவிடுகிறான். மணிக்கட்டு பிசகியவனும் ஒரு காயம், கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாதவனும் ஒரு காயம். ஒருவன் இரண்டு வாரத்தில் பேஸ்பால் ஆடப் போவான். மற்றவனை ஐம்பது வருஷத்துக்கு யாராவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இருவரும் சேர்ந்து அரசாங்கக் கணக்கில் இரண்டு. பத்து வருஷம் கழித்து அவன் சிறுநீரகம் போய்ச் செத்தால் அது சிறுநீரகச் சாவு. முப்பது வயதில் குடித்துச் சீரழிந்து துப்பாக்கியை வாயில் வைத்துக்கொண்டால் அது மனநலப் பிரச்சினை. வண்டியின் பேரில் கறை விழாது. இத்தனை சுத்தமான ஏட்டை மார்வாடிக் கடையில்கூடப் பார்க்க முடியாது.

வயது வரம்பு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். ஸ்டிக்கரில் பத்திரமாக இருக்கிறது. பதினாறு வயதுக்குக் கீழே எந்தப் பிள்ளையும் எந்த ஏடிவியிலும் ஏறக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருக்கிறது. மருத்துவர்கள் என்றாலே அப்படித்தான், உப்பு கூடாது, எண்ணெய் கூடாது என்பவர்கள். 2010இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் மாறுவேடத்தில் ஆட்களை அனுப்பி, பிள்ளைக்கு ஒரு வண்டி வேண்டும் என்று பத்து டீலர்களிடம் கேட்க வைத்தது. ஏழு பேர் பெரியவர் வண்டியை விற்கத் தயாராக இருந்தார்கள். மீதி மூன்று பேரை அந்தத் தொழிலில் எப்படிச் சேர்த்தார்கள் என்பதுதான் விசாரிக்க வேண்டிய விஷயம்.

இப்போது இந்தப் புராணத்தின் உச்சகட்டம். 2008இல் அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்புக்குப் புதுச் சட்டம் வந்தது. சீனப் பொம்மைகளில் ஈயம் இருந்தது என்று நாடே கொதித்திருந்த நேரம். பன்னிரண்டு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கான எந்தப் பொருளிலும் ஈயம் வரம்பைத் தாண்டக் கூடாது என்று சட்டம் சொன்னது. குழந்தைகளுக்கான குட்டி ஏடிவிகளின் பேட்டரி முனையில், டயர் வால்வில், பிரேக் பிடியில் ஈயம் இருந்தது. விளைவு? 2009 பிப்ரவரியில் கடை கடையாகக் குழந்தை ஏடிவிகளைக் கயிறு கட்டி ஒதுக்கினார்கள்.

ஆம். கழுத்தை முறித்தது பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தண்டுவடம், மண்ணீரல், மூளை எதுவும் இந்த வண்டியைக் கடையிலிருந்து வெளியேற்றவில்லை. பிள்ளை வண்டியை நக்கிவிடுமோ என்ற கவலை வெளியேற்றியது.

உடனே தொழில் பொங்கி எழுந்தது. அதுவரை காயக் கணக்குகளைக் கண்டாலே முகம் சுளித்தவர்கள் அதே கணக்குகளைக் கையில் தூக்கிக்கொண்டு வாஷிங்டன் போனார்கள். குட்டி வண்டி கிடைக்காவிட்டால் பிள்ளைகள் பெரிய வண்டியில் ஏறிச் சாவார்களே, ஆணையத்தின் ஆய்வே சொல்கிறதே என்று கண்ணீர் விட்டார்கள். பெரிய வண்டியைப் பிள்ளைக்கு விற்கிற கடையும் குட்டி வண்டி விற்கிற கடையும் ஒரே கடை என்பதை அந்தக் கண்ணீர் மறைத்துவிட்டது. பிள்ளைகளையும் ஜெர்சி போட்டுக் கூட்டி வந்தார்கள். மூன்றாவது வழி ஒன்று உண்டே, பிள்ளைகள் எதிலும் ஏறாமலே இருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அமெரிக்கச் சுதந்திரத்தின் எதிரி என்றிருப்பார்கள். 2011 ஆகஸ்டில் விதிவிலக்கு பிறந்தது. கீழ்ச்சபையில் 421 பேர் ஆதரவு, எதிர்ப்பு 2. எந்த மசோதாவிலும் கைகலப்புக்குத் தயாராக நிற்கிற இரண்டு கட்சிகளும் கட்டித் தழுவிக்கொண்ட அபூர்வ நாள் அது. 2008 சட்டத்திலேயே மூன்று சக்கரப் புது வண்டிகளுக்குத் தடை போட்டிருந்தார்கள் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். 1988லேயே கடையிலிருந்து போய்விட்ட பொருளை இருபது வருஷம் கழித்துத் துணிச்சலாகத் தடை செய்தார்கள்.

கோர்ட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. சில மாநிலங்களில் வண்டி விற்று இத்தனை வருஷம் ஆகிவிட்டால் கம்பெனி மேல் வழக்கே போட முடியாது. வாடகைக்கு எடுத்து ஓட்டினாலோ, 'எனக்கு எது நேர்ந்தாலும் நானே பொறுப்பு' என்று கையெழுத்துப் போடாமல் சாவி கிடைக்காது. இத்தனையும் தாண்டி வலுவான கேஸ் ஒன்று அமைந்தால், கம்பெனி வக்கீல் ஒரு காசோலையும் ஒரு காகிதமும் கொண்டுவருவார். தொகையை வெளியே சொல்லக் கூடாது, ஆவணங்களைக் காட்டக் கூடாது என்று காகிதத்தில் இருக்கும். பிள்ளைக்கு அடுத்த வாரம் அறுவை சிகிச்சை இருக்கிற வீட்டில் யார் கையெழுத்துப் போடாமல் இருப்பார்கள்? இப்படி ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக வாயைக் கட்டிக்கொண்ட பிறகு, 'எங்கள் வடிவமைப்பில் குறை என்று நிரூபணம் ஆகவில்லை' என்று கம்பெனி நெஞ்சை நிமிர்த்தும்.

ஆஸ்திரேலியாவில் கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது. அங்கே இதைக் குவாட் பைக் என்பார்கள், பண்ணைக்காரர்களின் குதிரை அது. ஆண்டுக்குச் சராசரியாக 16 பேர் செத்தார்கள், பலர் கவிழ்ந்த வண்டிக்கு அடியில் மூச்சு விட முடியாமல். எலும்புகூட முறிந்திருக்காது, நெஞ்சின் மேல் பாரம், யாரும் இல்லாத மேய்ச்சல் நிலம். 2019இல் அரசு விதி கொண்டுவந்தது: பண்ணை வேலைக்கான புது வண்டிகளில் பின்பக்கம் ஒரு பாதுகாப்பு வளைவு இருக்க வேண்டும், கவிழ்ந்தால் ஆள் நசுங்காமல் சிறிது இடம் விடுவதற்கு. 2021 அக்டோபரிலிருந்து கட்டாயம். வளைந்த ஒரு கம்பி, சில கிலோ எடை. ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை.

பெரிய கம்பெனிகள் என்ன செய்தன? வளைவே ஆளைக் காயப்படுத்தும் என்றார்கள். கவிழும்போது சமர்த்தான ஓட்டுநர் விலகிக் குதித்துவிடுவார், அதை வளைவு கெடுக்கும் என்றார்கள். எழுபது வயதுப் பண்ணைக்காரர் சரிவில் உருளும் வண்டியிலிருந்து சர்க்கஸ்காரரைப் போலத் தாவுவதை அவர்கள் கணினியில் பார்த்திருப்பார்கள். எதுவும் எடுபடாமல் போனதும் ஹோண்டாவும் யமஹாவும் பொலாரிஸும் ஆஸ்திரேலியாவில் பண்ணைக் குவாட் பைக் விற்பதையே நிறுத்திக்கொண்டன. ஒரு கம்பிக்காக ஒரு கண்டத்தையே விட்டுக் கிளம்பினார்கள். ஆஸ்திரேலியாவில் கம்பி வைத்துக் கொடுத்தால், மற்ற நாட்டில் ஏன் வைக்கவில்லை என்று ஒரு வக்கீல் கேட்பாரோ என்ற யோசனை எனக்கு வருகிறது, எனக்குக் கெட்ட மனசு.

பக்கத்து நியூசிலாந்தில் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அங்கே ஒரு விசித்திரம் உண்டு. யார் தப்பு என்று பார்க்காமல், விபத்தில் அடிபட்ட எவருக்கும் சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் பணம் கொடுக்கிற ஏசிசி என்ற அரசு அமைப்பு 1974லிருந்து இயங்குகிறது. இருபது வயதில் முதுகு முறிந்தவனுக்கு எழுபது வயது வரை குழாய், நாற்காலி, ஆள் கூலி எல்லாம் அதன் தலையில். அந்த அமைப்பு என்ன செய்தது தெரியுமா? பாதுகாப்பு வளைவு வாங்கும் விவசாயிக்குத் தன் கையிலிருந்து பணம் கொடுத்தது. அவர்களுக்கு மட்டும் கருணை ஊற்றெடுக்கவில்லை. ஐம்பது வருஷ பில் அவர்கள் மேஜைக்கு வருகிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் அந்த பில் ஓர் அம்மாவின் சமையலறை மேஜைக்கு வருகிறது. அவருக்கு வாஷிங்டனில் அலுவலகம் இல்லை. எந்த செனட்டருக்கும் அவர் விருந்து வைப்பதில்லை, அவர் வீட்டுப் பிள்ளையை ஜெர்சி போட்டு நாடாளுமன்றப் படிக்கட்டில் ஏற்றி நிறுத்தவும் முடியாது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம், அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போக வேண்டியிருக்கிறது.